கூட்ஸ் லிஃப்ட் கதவுப் பூட்டு: லிமிட் சுவிட்சா, கேமா?

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிகளில் நான் பார்க்கும் கூட்ஸ் லிஃப்டுகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தரைத்தளம், அதற்கு மேல் இரண்டு மாடி, ஒரு டன் சுமை, ஒவ்வொரு தளத்திலும் கையால் இழுத்துத் திறக்கும் இரும்புக் கதவு. கீழேயிருந்து துணி ரோல் ஏறும். முதல் மாடியில் கட்டிங், இரண்டாம் மாடியில் செக்கிங், பேக்கிங். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய பிறகு கதவுப் பூட்டுகள் தேய்ந்துபோகும். அப்போது கம்பெனிக்காரர் கேட்பது இதுதான்: "ஒவ்வொரு மாடியிலும் ஒரு லிமிட் சுவிட்ச் வெச்சு, கேபின் வந்து நின்னா மட்டும் பூட்டு திறக்கற மாதிரி பண்ணிக்கலாமுங்களா? செலவும் கம்மி ஆகுமல்லங்க?"

பண்ணலாம். ஏதாவது ஒன்று வந்து லீவரை அமுக்கினால் கரன்ட்டைச் சேர்க்கும் அல்லது பிரிக்கும் சுவிட்சுக்குத்தான் லிமிட் சுவிட்ச் என்று பெயர். ஆனால் லிமிட் சுவிட்சிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்று முதலில் தெளிவாக இருக்க வேண்டும். லிஃப்ட் கதவில் கேள்விகள் இரண்டு. கேபின் இந்தத் தளத்துக்கு வந்துவிட்டதா என்பது ஒன்று. கதவு மூடி, பூட்டின் நாக்கு முழுதாக உள்ளே போய்விட்டதா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பூட்டைத் திறக்கலாம். இரண்டாவதுக்குப் பதில் கிடைத்தால்தான் மோட்டாரை ஓட்டலாம். இந்த இரண்டையும் ஒரே சுவிட்சின் தலையில் கட்டும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது. பூட்டைத் திறக்கும் மின்காந்தக் காயிலுக்குக் கரன்ட் போகவில்லை, ஆகவே பூட்டியிருக்கும் என்று லிஃப்டை இயக்கும் பேனல் முடிவு செய்வது வேலிக்கு ஓணான் சாட்சி சொல்வது போலத்தான். பூட்டியதற்குச் சாட்சி பூட்டின் நாக்குதான் சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு, இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் எல்லோரும் கேட்கும் வழி: கேபின் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் கைடு ரயில் ஓரமாகத் தளத்துக்கு ஒரு ரோலர் லீவர் லிமிட் சுவிட்ச். கேபினின் பக்கவாட்டில் ஒரு சாய்வுப் பட்டை. கேபின் தளத்துக்கு வந்ததும் பட்டை ரோலரை அமுக்கும், கரன்ட் போகும் முனைகளான கான்டாக்ட் சேரும், பூட்டின் நாக்கை இழுக்கும் சோலினாய்டு காயிலுக்குக் கரன்ட் போகும், நாக்கு பின்வாங்கும், கதவு திறக்கும். சுவிட்சின் விலை சில நூறு ரூபாய்தான். வயரிங்கும் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் புரியும். ஒயர் அறுந்தால், ஃபியூஸ் போனால், பூட்டு பூட்டியபடியே இருக்கும். இதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதே அமைப்பு இருந்த ஒரு இடத்தில் நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். கேபின் கீழே நின்றிருந்தது. முதல் மாடியில் ஒரு பையன் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்து, பழக்கதோஷத்தில் கைப்பிடியை இழுத்தான். கதவு திறந்துகொண்டது. டிராலியின் முன் சக்கரம் இரண்டும் கேபின் ஏறி இறங்கும் குழிக்குள் இறங்கின. டிராலியின் அடிச்சட்டம் வாசல் பட்டையில் மாட்டி நின்றதால், கைப்பிடியைப் பிடித்தபடி அவன் இந்தப் பக்கமே நின்றான். நான் போனபோது அந்த டிராலி அப்படியே சாய்ந்து கிடந்தது, மேலே இருந்த துணிக் கட்டு ஒன்று கீழே கேபின் கூரையில் விழுந்து கிடந்தது. "கதவு தெறந்துச்சுங்கண்ணா, அப்ப லிஃப்ட் வந்திருக்கும்னு நெனச்சுட்டேன்" என்றான். அவன் நினைத்ததில் தப்பே இல்லை. கதவு திறந்தால் கேபின் நிற்கிறது என்று அர்த்தம் ஆக வேண்டும். பூட்டு வைப்பதே அந்த நம்பிக்கைக்காகத்தான்.

உள்ளே எட்டிப் பார்த்தால், அந்த லிமிட் சுவிட்சின் லீவர் அமுங்கியபடியே நின்றது. சுழலும் அச்சைச் சுற்றிப் பஞ்சு. பனியன் துணியிலிருந்து பறக்கும் நூல் துகள் லிஃப்ட் குழிக்குள் எந்நேரமும் மிதக்கும், எண்ணெய் பட்ட இடத்தில் ஒட்டும். கைடு ரயிலுக்குப் போட்ட எண்ணெய் தெறித்து, அதில் பஞ்சு படிந்து, கம்பளி மாதிரி ஒரு வளையமே லீவரைச் சுற்றி இறுகியிருந்தது. கேபின் இறங்கிப் போனபோது லீவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய சின்ன ஸ்பிரிங்குக்கு அதைத் தள்ளும் பலம் இல்லை. விரல் நகத்தால் அந்தப் பஞ்சைக் கிழித்ததும் லீவர் 'டக்' என்று தன் இடத்துக்குப் போனது, மாடியில் பூட்டின் நாக்கு விழும் சத்தமும் கேட்டது.

இந்த வழியின் பலவீனம் முழுக்க அந்த ஸ்பிரிங்கில் இருக்கிறது. கேபின் வந்ததைச் சொல்லும் வேலையைப் பட்டை அமுக்கிச் செய்கிறது, அது பலமான வேலை. கேபின் போய்விட்டதைச் சொல்லும் வேலையை ஒரு ஸ்பிரிங் செய்கிறது. துரு ஏறினாலும், பஞ்சு அடைத்தாலும், கான்டாக்ட் முனைகள் கரன்டில் உருகி ஒட்டிக்கொண்டாலும், 'கேபின் இங்கேதான் இருக்கிறது' என்று அது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பொய்யை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் லிஃப்ட் வழக்கம் போல ஓடிக்கொண்டிருக்கும்.

கதவு மூடியதைக் காட்டும் சுவிட்சிலும் இதே தவறைத்தான் அதிகம் பார்க்கிறேன். கதவு மூடும்போது லீவரை அமுக்கி, அதனால் கான்டாக்ட் சேருகிற மாதிரி வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால், கதவு திறந்ததைத் தெரிவிக்கும் பொறுப்பு ஸ்பிரிங்கிடம் போய்விடும். போதாததற்கு, ஒரு கட்டிங் வேஸ்ட் துணியை எடுத்து லீவரை இழுத்துக் கட்டினால் போதும், கதவைத் திறந்து போட்டுக்கொண்டே லிஃப்டை ஓட்டலாம். அவசர ஷிப்மென்ட் நாட்களில் இப்படிக் கட்டிய முடிச்சை நானே அவிழ்த்திருக்கிறேன். சரியான முறை தலைகீழானது: கதவு திறக்கும் அசைவே சுவிட்சின் தள்ளுகம்பியான பிளஞ்சரைத் தள்ளி, மூடிய கான்டாக்டைப் பலவந்தமாகப் பிரிக்க வேண்டும். முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் தள்ளலே பிய்த்து எடுத்துவிடும். இப்படிப் பிரிக்கும் திறன் உள்ள சுவிட்சுகளின் உடம்பில் வட்டத்துக்குள் ஒரு அம்பு போட்டிருக்கும். ஐ.இ.சி. 60947-5-1 என்ற சர்வதேசத் தரத்தில் உள்ள குறி அது. கடையில் வாங்கும்போது அந்தக் குறியைத் தேடுங்கள். இல்லாத சுவிட்சைக் கதவுப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

இரண்டாவது வழி, பழையது: ரிட்டயரிங் கேம். இதன் மேல் எனக்குப் பட்சபாதம் உண்டு, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபினின் பக்கத்தில் நீளமான ஒரு வளைபட்டை. லிஃப்ட் ஓடும்போது ஒரு மின்காந்தம் அல்லது சின்ன மோட்டார் அதைக் கேபின் பக்கமாக இழுத்து வைத்திருக்கும். தளத்தில் நின்றதும் அதற்குக் கரன்ட் நின்றுவிடும், பட்டை வெளியே நீளும், கதவுப் பூட்டில் இருக்கும் ரோலர் கையைத் தள்ளும், நாக்கு பின்வாங்கும். அதாவது பூட்டைத் திறப்பது கேபினே. நடுவில் சுவிட்ச் இல்லை, கரன்டால் இயங்கும் சுவிட்சான ரிலே இல்லை, பொய் சொல்ல ஆள் இல்லை. கேபின் அங்கே இல்லாவிட்டால் ரோலரைத் தள்ள எதுவும் இல்லை.

லிஃப்ட் கதவின் வரலாற்றிலேயே இந்த எண்ணம் பழையது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் இருந்த அலெக்சாண்டர் மைல்ஸ் என்ற கறுப்பினத்தவர், குழிக் கதவுகள் தானாகத் திறந்து மூடும் அமைப்புக்கு 1887 அக்டோபரில் காப்புரிமை பெற்றார். கேபினோடு இணைத்த பெல்ட் ஒன்று, கேபின் தளத்தை அடையும்போதும் விலகும்போதும் கதவை இயக்கும். கதவை மூட மனிதன் மறந்துவிடுவான், கேபின் மறக்காது என்பதுதான் அந்த அமைப்பின் அடிப்படை. கேமும் அதே வழியில் வந்ததுதான்.

கேமில் கோளாறு வராதா? நிறைய வரும். காயில் எரியும். அப்போது பட்டை நீண்டபடியே நிற்கும்; தளத்தில் நின்றிருந்தால் பூட்டு விழாது, லிஃப்ட் கிளம்பவே கிளம்பாது; ஓடும்போது எரிந்தால் அடுத்த தளத்தின் பூட்டு ரோலரில் இடிக்கும், பூட்டு கான்டாக்ட் பிரியும், லிஃப்ட் நின்றுவிடும். சிக்கி உள்ளேயே நின்றுவிட்டால் கதவு திறக்காது. இரண்டிலுமே வேலை நிற்கும், சூப்பர்வைசர் எரிச்சலோடு போன் போடுவார். அந்த எரிச்சல் நல்லது. பழுதானால் சத்தம் போடும் பூட்டு, பழுதானாலும் அமைதியாக ஓடும் பூட்டை விட ஆயிரம் மடங்கு மேல்.

கரன்ட் போகும் விஷயத்திலும் கேமுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கரன்ட் போனால் பட்டை தானாக நீளும். தளத்தில் நின்றிருந்தால் பூட்டு திறக்கும், சரக்கை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றிருந்தால் பட்டைக்கு எதிரே ரோலர் இருக்காது, எல்லாக் கதவும் பூட்டியபடியே இருக்கும். சோலினாய்டு பூட்டில் அப்படி இல்லை. கரன்ட் போனால் கேபின் நேராக நின்றாலும் கதவு திறக்காது. அதற்குத் தனியாக பேட்டரி வைக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கென்று இருக்கும் முக்கோணச் சாவி போட்டுத் திறக்க வேண்டும்.

கேமின் குறை தேய்மானம். ரோலரின் ரப்பர் தேயும், கைடு ரயிலைப் பிடித்து ஓடும் கேபினின் கைடு ஷூ தேய்ந்து ஆடினால் பட்டைக்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளி மாறும். கனமான டிராலி ஏறி இறங்கும் கேபினில் இது சீக்கிரமே நடக்கும். மாதத்துக்கு ஒரு முறை ஒரு ஆள் கேபின் கூரையில் ஏறிப் பார்க்க வேண்டும். அப்புறம், கேபின் சுவருக்கும் குழிச் சுவருக்கும் நடுவில் பட்டை அசைய இடம் வேண்டும். பழைய கட்டடங்களில் குழியைச் சிக்கனமாகக் கட்டிவிட்டு, கேபினைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அங்கே கேம் வைக்கவே முடியாது.

மூன்றாவதாக ஒன்றைச் சிலர் கொண்டுவருகிறார்கள்: ஆபீஸ் கண்ணாடிக் கதவில் போடும் மேக்னெடிக் லாக், கூடவே தொடாமலே கேபினை உணரும் ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார். இதை லிஃப்ட் குழிக்கு வைக்கவே கூடாது. ஆபீஸ் கதவில் கரன்ட் போனால் திறந்துகொள்ள வேண்டும், தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகவே அது அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. அதை விற்கும் கடையில் அதைத்தான் பாதுகாப்பு என்பார்கள். லிஃப்ட் குழியில் அதே குணம் ஆளைக் கொல்லும். கரன்ட் போன அந்த நிமிடம், இருட்டில், மூன்று தளத்திலும் குழிக் கதவுகள் ஒரே நேரத்தில் பூட்டில்லாமல் நிற்கும். பிராக்ஸிமிட்டி சென்சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேய்மானம் இல்லாதது, பஞ்சுக்கும் அஞ்சாது, தளத்தில் சரியாக நிறுத்துவதற்கு மிக நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அதுவும் எப்போதும் 'ஆமாம்' என்றே சொல்லும். அதைத் தனியே நம்பிப் பூட்டைத் திறக்கக் கூடாது.

நான்காவது வழி, முதல் வழியையே ஒழுங்காகச் செய்வது. பெரிய மெஷின்களின் பாதுகாப்புக் கதவுகளுக்கென்று சோலினாய்டு பூட்டோடு சேர்ந்த இன்டர்லாக் சுவிட்சுகள் வருகின்றன. ஸ்பிரிங் பூட்டி வைத்திருக்கும், கரன்ட் கொடுத்தால்தான் திறக்கும். கதவு மூடியதற்கு ஒரு கான்டாக்ட், நாக்கு விழுந்ததற்கு இன்னொரு கான்டாக்ட் உள்ளேயே இருக்கும். கதவு திறந்திருக்கும்போது நாக்கு வெளியே நீளவே முடியாத மாதிரி செய்தவையும் உண்டு. நாக்கு வெறும் காற்றில் நீண்டுவிட்டு 'பூட்டிவிட்டேன்' என்று சொல்வதை அது தடுக்கும். விலை சாதாரண லிமிட் சுவிட்சைப் போலப் பல மடங்கு. லிஃப்ட் லேண்டிங் கதவுக்கு என்று சோதிக்கப்பட்டதா என்பதையும் சான்றிதழோடு கேட்டு வாங்க வேண்டும், மெஷினின் பாதுகாப்புக் கதவுக்குச் சரியானது லிஃப்டுக்கும் சரி என்று ஆகிவிடாது.

இந்த வழியில் போனால், கேபின் வந்ததைச் சொல்லும் லிமிட் சுவிட்சுக்கு மூன்று காவல் போடச் சொல்வேன். தளத்துக்கு இரண்டு சுவிட்ச், இரண்டும் சேர்ந்தால்தான் கரன்ட் போகிற மாதிரி தொடராக வேண்டும், முடிந்தால் ஒன்று லீவர் வகை, மற்றது காந்த வகை, இரண்டும் ஒரே காரணத்தால் கெட்டுப்போகாமல் இருக்க. அடுத்து, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் கான்டாக்டர் பிரிந்திருந்தால்தான் பூட்டுக் காயிலுக்குக் கரன்ட் போக வேண்டும், இல்லையென்றால் இரண்டாம் மாடிக்குப் போகும் கேபின் முதல் மாடியைக் கடக்கும்போது அந்தப் பூட்டு ஒரு கணம் திறந்து மூடும். மூன்றாவது காவல் எனக்கு ரொம்பப் பிடித்தது. கேபின் ஒன்றுதான், அது ஒரே நேரத்தில் இரண்டு மாடியில் இருக்க முடியாது. ஆகவே எந்த இரண்டு தளத்தின் சுவிட்சும் ஒரே நேரத்தில் 'இங்கே' என்றால், ஏதோ ஒன்று பொய் சொல்கிறது. உடனே எல்லாப் பூட்டையும் பூட்டி, லிஃப்டை நிறுத்திவிட வேண்டும். ரிலேயின் இரண்டு கான்டாக்டில் முடிகிற வேலை. அந்தப் பையனின் டிராலி இறங்கிய இடத்தில் இது இருந்திருந்தால், கேபின் தரைத்தளத்துக்கு வந்த அந்த நொடியே பேனல் கண்டுபிடித்திருக்கும்.

சாய்வுப் பட்டையின் நீளத்தையும் யோசிக்க வேண்டும். ஒரு டன் டிராலி ஏறினால் ரோப் நீண்டு கேபின் கொஞ்சம் கீழே இறங்கும். பட்டை குட்டையாக இருந்தால் கதவு திறந்திருக்கும்போதே சுவிட்ச் விட்டுவிடும். அதற்காக இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 81-20, தளத்துக்கு மேலும் கீழும் 20 செ.மீ. வரைதான் பூட்டு திறக்கலாம் என்கிறது. கேபின் கதவும் மாடிக் கதவும் சேர்ந்து இயங்கும் ஆட்டோமேட்டிக் வகைக்கு மட்டும் 35 செ.மீ. நம் நாட்டில் 2022-ல் வந்த ஐ.எஸ். 17900 தரமும் அந்த ஐரோப்பியத் தரத்தை ஒட்டி எழுதப்பட்டதுதான்.

ஐந்தாவது வழி அந்த ஆட்டோமேட்டிக் கதவு. கேபின் கதவின் மோட்டாரே மாடிக் கதவைப் பிடித்து இழுத்துத் திறக்கும். எல்லாவற்றிலும் நல்லது, எல்லாவற்றிலும் விலை அதிகம். புது லிஃப்ட் போடுகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பழைய கூட்ஸ் லிஃப்டில் மாற்றுவதென்றால் கதவுச் சட்டத்தையே உடைக்க வேண்டிவரும். பஞ்சு நிறைந்த இடத்தில் கீழ்த் தடத்தைத் தினமும் கூட்டவும் வேண்டும்.

சரி, எதை எடுப்பது? கையால் இழுக்கும் கதவு, மூன்று தளம், குழியில் இடமும் இருக்கிறது என்றால் கேமும் அதற்கென்றே செய்த கேட் லாக்கும். இதில் நான் வேறு யோசனைக்கே போக மாட்டேன். இடம் இல்லை, அல்லது கேபினே இல்லாமல் வெறும் மேடை மட்டும் ஏறி இறங்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் என்றால், மூன்று காவலோடு நான்காவது வழி. ஒற்றை லிமிட் சுவிட்சும் சோலினாய்டும் மட்டும் என்றால் அந்த வேலையை நான் எடுப்பதில்லை. மிச்சமாகும் காசு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் வாதம் செய்யத் தோன்றாது. எதைத் தேர்ந்தாலும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரை வைத்துச் செய்யுங்கள். தமிழ்நாடு லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டம் 1997-ன்படி லிஃப்ட் ஓட்டவே மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும், பூட்டைக் கைபோன போக்கில் மாற்றினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

பூட்டு எதுவானாலும், அளக்க வேண்டியது நாக்கின் ஆழம். நாக்கு குறைந்தது 7 மி.மீ. உள்ளே போன பிறகுதான் கான்டாக்ட் சேர வேண்டும் என்பது அதே ஐரோப்பியத் தரம் சொல்லும் கணக்கு. பழைய இரும்புக் கதவுகள் கீல் தேய்ந்து ஒரு பக்கம் தொங்கும். அப்போது நாக்கு 2, 3 மி.மீ. மட்டும் மாட்டிக்கொண்டு நிற்க, யாரோ வளைத்துவிட்ட கான்டாக்ட் பட்டை சேர்ந்துவிடும். லிஃப்ட் ஓடும், கதவை ஓங்கி ஒரு இழு இழுத்தால் திறந்துகொள்ளும். புதுப் பூட்டு வாங்கும் முன் கீலைச் சரிசெய்யுங்கள்.

அந்தக் கம்பெனியில் கடைசியில் கேம் வைத்தோம், கதவுக்கெல்லாம் புதுக் கீல் போட்டோம். லிமிட் சுவிட்சுகளைத் தூக்கிப் போடவில்லை, வேகத்தைக் குறைக்கவும் நிறுத்தவும் அவையே இன்றும் வேலை செய்கின்றன. ஒப்படைக்கும் நாளில் கேபினைத் தரைத்தளத்தில் நிறுத்தி, இரண்டு மாடிக் கதவுகளையும் கை வலிக்க இழுத்துப் பார்த்தோம். ஒவ்வொரு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மறுபடி இழுத்தோம். அந்தப் பையனும் கூட நின்றான். எல்லாம் முடிந்து நாங்கள் டூல்ஸ் அள்ளிக்கொண்டிருந்தபோது, முதல் மாடிக் கதவை அவன் இன்னொரு தடவை தனியாக இழுத்துப் பார்த்தான். திறக்கவில்லை. அப்புறம்தான் டிராலியை எடுத்துக்கொண்டு போனான்.